ரயில் மேட்டுப் பானை

"சுகுணா, ஒரு வாய் தண்ணி குடு."

"காலையிலயே குடிச்சிட்டீங்க. டாக்டர் என்னைத்தான் திட்டுவாரு."

"நாக்கு மேல போய் ஒட்டிக்கிச்சு. பஞ்சுல நனைச்சாவது வை."

"இப்பதானே வச்சேன்."

"அப்ப நான் போனப்புறம் குடுப்பியா?"

"என்ன பேச்சுங்க இது?"

"குடுப்பியான்னு கேட்டேன்."

"குடுக்கறேன்."

"நீதான் குடுக்கணும். விஜயகுமார் ஊத்துவான், மாதேஸ்வரி ஊத்துவான்னு ஆள் காட்டக் கூடாது. உன் கையால."

டயாலிசிஸ் வார்டில் நடந்த பேச்சு அது. பக்கத்துப் படுக்கைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். மருந்து நெடியும் ஈரத் துணி நெடியும் கலந்து கிடந்த அந்த அறையில் குருமூர்த்தி அவள் கையை எடுத்து, விரல்களுக்குள் விரல்களைக் கோத்து, அவள் மோதிரத்தைத் தன் கட்டை விரலால் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தான். கல்யாணமான புதிதில் தொடங்கிய வழக்கம். பார்க்கிறவர்களுக்குக் கண் நிறைந்துபோகும். 'கொடுத்து வச்சவ' என்பார்கள்.

அன்றைக்கும் அவள் வாய்க்குள் ஒரு கேள்வி இருந்தது. பல வருடமாக இருந்த அதே கேள்விதான். அதைக் கேட்க வாயெடுக்கும் போதெல்லாம் அவன் கையைப் பிடித்துக்கொள்வான். மோதிரம் சுற்றும். "உனக்கு என்ன கொறச்சல், சொல்லு" என்பான், குரலில் அத்தனை அன்போடு. சொல்ல ஒன்றும் இருக்காது. அன்றும் விழுங்கிக்கொண்டாள். அதற்கடுத்த நாள் அவன் தண்ணீர் கேட்பதையும் நிறுத்திவிட்டான்.

அந்தப் பேச்சு இப்போது நினைவுக்கு வந்ததற்குக் காரணம், பானையில் தண்ணீர் இல்லாததுதான்.

அந்த வாரம் முழுக்க மழை. ரயில் மேட்டில் புதைத்திருந்த மற்ற பானைகளில் எல்லாம் கழுத்துவரை தண்ணீர் நின்றது. குருமூர்த்தியின் பானை மட்டும் அடிவரை காய்ந்திருந்தது. சுகுணா உள்ளே கையை விட்டுத் துழாவினாள். வெயிலில் கிடந்த ஓடு மாதிரிச் சுட்டது.

ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடிய பாதை அது. உலகப் போர் சமயத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனவர்கள், மண் மேட்டையும் அதில் இறைந்து கிடந்த ஜல்லியையும் விட்டுவிட்டுப் போனார்கள். இன்று ஒரு பக்கம் கம்பெனிகளின் கம்பி வேலி, மறுபக்கம் ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள். இரண்டுக்கும் நடுவே நீளமாக, ஒடுக்கமாக ஒரு காடு. குருமூர்த்தி ஆரம்பித்து வைத்த காடு. ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னார்வலர்கள் கூடி உண்ணிச்செடியைப் பிடுங்குவார்கள், பிராந்தி பாட்டில்களைப் பொறுக்குவார்கள், கன்று நடுவார்கள். ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடி வைப்பார்கள். பானைச் சுவர் வழியாகத் தண்ணீர் கசியும். வேர் தனக்கு வேண்டியதைக் குடித்துக்கொள்ளும்.

மூடியைத் திறக்கும் முன் தட்ட வேண்டும் என்பதும் அவன் வைத்த வழக்கம்தான். குளிர்ச்சிக்குத் தேளோ பாம்போ உள்ளே சுருண்டு கிடக்கலாம். "யாரு வீடா இருந்தாலும் தட்டிட்டுத்தான் கைய விடணும்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டு தட்டு, அப்புறம் மூடி, அப்புறம் கையை விட்டுத் தண்ணீர் எவ்வளவு இருக்கிறதென்று பார்ப்பது. அவள் கை இப்போது நினைக்காமலே அதைச் செய்தது.

சாகும் முன் அவனே இன்னொன்றையும் சொல்லி வைத்திருந்தான். அஸ்தியைத் தென்பெண்ணையில் கரைக்க வேண்டாம். "அந்த நுரையிலயா? கெலவரப்பள்ளி டேமுல பாத்தல்ல, சோப்புத் தண்ணி மாதிரி ஆளொசரத்துக்கு மெதக்குது. என்னை மேட்டுல ஒரு பானைக்குள்ள போட்டு, பக்கத்துல நாவல் கன்னு வை. தண்ணி ஊத்த ஊத்தக் கசிஞ்சு நானே மரமாயிடுவேன்." அழகான ஆசை என்று எல்லோரும் கண் கலங்கினார்கள். மாமியார் வெங்கடம்மாள் மட்டும் மயானத்திலேயே சண்டை போட்டாள். "கலயத்த ஆத்துல ஒடைச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வரணும்டி. வாராவாரம் போய்த் தண்ணி காட்டினா அவன் எப்படிப் போவான்?"

யாரும் கேட்கவில்லை. படித்தவர்களுக்கு அது செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையாகத்தான் தெரிந்தது. பார்த்துவிட்டு மற்றவர்களும் தங்கள் வீட்டு அஸ்தியைக் கொண்டுவந்தார்கள். இப்போது மேட்டின் நெடுக, ரயில் போன திசையிலேயே, அப்படிப்பட்ட பானைகள் வரிசையாக இருந்தன.

"அக்கா, மறுபடியும் காலியா?" மாதேஸ்வரி தண்ணீர் கேனை இறக்கி வைத்தாள். ரோஜாத் தோட்டத்தில் பூக்கட்டு போடும் பெண்; விரல் நுனியெல்லாம் முள் கீறல். "அண்ணன் உயிரோட இருக்கையில காபியும் இப்படித்தான். நான் டம்ளர நீட்டிட்டுத் திரும்பறதுக்குள்ள காலி பண்ணிட்டு, இன்னும் இருக்குதாம்பாரு."

"பானையில ஓட்டை விழுந்திருக்கும்."

"ஓட்டைன்னா சுத்தி மண்ணு ஈரமா இருக்கணுமேக்கா. தொட்டுப் பாரு, பொரிகடலை மாவாட்டம் இருக்குது."

"வேர் இழுத்திருக்கும்."

மாதேஸ்வரி நாவல் கன்றைப் பார்த்தாள். இரண்டு விரலால் பிடித்து ஒடித்தாள். சுள்ளி மாதிரி ஒடிந்தது. "இது பட்டுப்போய் எத்தினி மாசமாவுதோ. வேராம் வேரு. அப்ப யாருக்கா குடிக்கறாங்க?" என்று சிரித்தவள், பாதியிலேயே சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு அடுத்த பானைக்கு நகர்ந்தாள்.

அடுத்த ஞாயிறிலிருந்து சுகுணா அந்தப் பானையை மாதேஸ்வரியிடம் ஒப்படைத்தாள். வேறொரு காரணமும் இருந்தது. தங்கை பிரியா ஒரு வேலை பார்த்து வைத்திருந்தாள். குருபரப்பள்ளி தாண்டி ஒரு கம்பெனியின் பெண்கள் ஹாஸ்டலில் வார்டன். வெளி மாவட்டத்திலிருந்து வந்து ஷிஃப்ட் பார்க்கும் பெண்கள். அவர்களோடு அங்கேயே தங்கிவிட வேண்டும். கல்யாணத்துக்கு முன் சுகுணாவும் அப்படியொரு ஹாஸ்டலில்தான் இருந்தாள். மோட்டார் பாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். நீலக் கோட்டு, கழுத்தில் ஐ.டி. கார்டு, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் பாட்டு. நிச்சயதார்த்தத்தன்று அந்த கார்டை வாங்கி குருமூர்த்தி தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். விளையாட்டாகத்தான். திருப்பிக் கொடுக்கவில்லை.

அவன் போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. பிரியா போனில் கேட்டாள். "இன்னும் யோசிக்கறியா? யாரக் கேக்கணும் நீ?"

யாரையும் இல்லைதான். ஆனாலும் கேட்காமல் எதையும் செய்து பழகாதவளுக்கு, 'சரி' என்ற ஒரு சொல்லைப் போனில் சொல்வதற்குள் போனை இரண்டு தடவை காது மாற்ற வேண்டியிருந்தது. சொன்னாள். திங்கட்கிழமை சேர வேண்டும்.

அதிலிருந்துதான் வீட்டில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது.

முதலில் படுக்கையருகே வைத்த சொம்பு. வாய் வறண்டு விடியலில் எழுந்தால் காலி. தானே தூக்கத்தில் குடித்திருக்கலாம். பிறகு சமையலறைக் குடம். சாயங்காலம் நிரப்பி மூடியதை விளக்கேற்றிவிட்டு வந்து பார்த்தால் பாதி இல்லை. குடத்தின் அடியில் ஈரமில்லை, தரையில் ஒரு சொட்டு இல்லை. ஹாலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, எதிர் வீட்டு டிவி ஓயும் இடைவெளியில், சமையலறையிலிருந்து எவர்சில்வர் மூடி ஒரு பக்கம் தூக்கப்பட்டு மெல்லத் திரும்ப வைக்கப்படும் சத்தம் கேட்டது. டக். ராத்திரி தாகமெடுத்தால் அவளை எழுப்பாமல் குருமூர்த்தி அப்படித்தான் எழுந்து போய்க் குடிப்பான்.

மேட்டிலோ நேர்மாறாக நடந்தது. "நான் ஊத்தினது அப்படியே நிக்குதுக்கா" என்றாள் மாதேஸ்வரி. "ஒரு விரக்கடை கூடக் கொறையல. கொசுப்புழு நெளியுது. உன் கை பட்டாத்தான் குடிப்பாரு போல." சொன்ன பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

சேர்வதற்கு முந்தின நாள், ஞாயிறு சாயங்காலம், சுகுணா ஒரு முடிவோடு மேட்டுக்குப் போனாள். பானையைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். நுரையோ நாற்றமோ, தென்பெண்ணையில் உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். காலையில் பெட்டியோடு பஸ் ஏற வேண்டும்.

விஜயகுமாருக்குப் போன் செய்து சொன்னாள். குருமூர்த்திக்குப் பிறகு காட்டு வேலை எல்லாம் அவன்தான் பார்த்துக்கொண்டான்.

"சானமாவு காட்டுல இருந்து யானைங்க எறங்கியிருக்குன்னு ஃபாரஸ்ட்காரங்க மெசேஜ் போட்டிருக்காங்க அண்ணி. இருட்டறதுக்குள்ள எல்லாரையும் வெளிய அனுப்பிட்டேன். இன்னொரு நாள் எடுத்துக்கலாமே. அண்ணன் எங்க போயிடப் போறாரு?"

"இன்னைக்கே எடுத்துடறேன் விஜயகுமார்."

மாதேஸ்வரி மட்டும் கூட வந்தாள். பயத்தை மறைக்க வழியெல்லாம் வம்பு பேசிக்கொண்டே வந்தாள். "வார்டனா நீ? லைட்டு போட்டுக்கிட்டுத் தூங்கறவ. அந்தப் பொண்ணுங்க உனக்குத் தாலாட்டுப் பாடணும்." பானையருகே வந்ததும் பேச்சு தீர்ந்துவிட்டது. "ஈரப் பானை கனக்கும். ஷெட்டுல தள்ளுவண்டி இருக்குது, எடுத்தாந்துடறேன். நீ நோண்டிட்டு இரு" என்று ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

மார்கழிப் பனி அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. ரோஜாக் கூடாரங்களிலிருந்து மருந்தடித்த பூவின் வாடையும், வேலிக்கு அப்பாலிருந்து சூடான இரும்பின் வாடையும் வந்து மேட்டின்மேல் ஒன்றாகக் கலந்து நின்றன. ஷிஃப்ட் மாறும் சங்கு ஊதி ஓய்ந்தது. அதன் பிறகு நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல்கூட பஞ்சுக்குள் போட்டு மூடினாற்போல் அமுங்கிவிட்டது. சுகுணா கடப்பாரையால் பானையைச் சுற்றித் தோண்டினாள். ஜல்லியில் இரும்பு படும் ஓசையும் தன் மூச்சும் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. காய்ந்த நாவல் குச்சி தானாகச் சாய்ந்தது. அடியில் வேர் என்று எதுவுமே இல்லை.

பானையின் தோள்வரை மண் விலகியது. கொசுப்புழு நெளிகிறது என்று மாதேஸ்வரி சொன்ன தண்ணீரை முதலில் மொண்டு கொட்ட வேண்டும். மண்டியிட்டாள். மூடியை எடுக்கக் கையை நீட்டினாள். பழக்கம். கை தானாகத் தட்டியது.

டக் டக்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

டக் டக்.

அவசரமில்லாத தட்டு. வீட்டுக்குள் இருப்பவர், வெளியே நிற்பவருக்கு 'இருக்கிறேன்' என்று காட்டுவது போல.

கடப்பாரை மண்ணில் பட்டு எதிரொலித்திருக்கும். இல்லை, கடப்பாரை பக்கத்தில் படுத்துக் கிடந்தது. தவளையாக இருக்கும். தவளை எப்படித் தட்டும்?

மேட்டின் கடைசியில், பனிக்குள், இன்னொரு மூடி. டக் டக். அதற்கு இப்பால் இன்னொன்று. டக் டக். அப்புறம் இன்னொன்று. இடைவெளி மாறாமல், வேகம் கூடிக்கொண்டே, வரிசையாக, ஒவ்வொரு பானையாக அவளை நோக்கி வந்தது. தண்டவாள இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கும் சத்தம். தண்டவாளம் இல்லாத மேட்டில். முழங்காலுக்கடியில் ஜல்லி நடுங்கியது.

"பேட அக்கா! பேட!"

பதற்றம் வந்தால் மாதேஸ்வரிக்கு வீட்டுக் கன்னடம்தான் வரும். வேண்டாம், வேண்டாம் என்று அலறியது அவள் குரல். தள்ளுவண்டி எங்கோ குப்புற விழுந்தது. ஓடும் காலடிகள். தூரம் போயின. இல்லாமல் போயின.

சத்தம் நின்றது. அவளுக்கு முந்தின பானையில் வந்து நின்றது.

எழுந்து ஓடலாம். கால் இருந்தது, வழி இருந்தது. ஓடினால் காலையில் பஸ் ஏற மாட்டாள். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வீட்டுக்குப் போவாள். குடத்தை நிரப்புவாள். அடுத்த ஞாயிறு கேனோடு வருவாள். அதற்கடுத்த ஞாயிறும். நாற்பதைக்கூடத் தாண்டாத உடம்பு. இன்னும் எத்தனை ஞாயிறுகள்.

பல்லைக் கடித்துக்கொண்டு மூடியைத் தள்ளினாள்.

தண்ணீர் இல்லை. புழு இல்லை. இருட்டு மட்டும். உள்ளேயிருந்து ஒரு வாடை எழுந்தது. ஈரத் துணி. மருந்து. வார்டு.

எட்டிப் பார்க்கக் கூடாது. தூக்கு. வெளியே எடு. உடை.

பானையின் கழுத்தை இரண்டு கையாலும் பற்றினாள். பிடி கிடைக்க விரல்களை விளிம்புக்கு உள்ளே மடித்தாள். இழுத்தாள். பானை அசைந்தது. இன்னொரு தடவை. மண் விட்டுக்கொடுத்தது. வந்துவிடும். இதோ, வந்துவிடும்.

இடது கையின் விரல்களுக்குள் ஏதோ நுழைந்தது.

சாம்பலின் மென்மை. எலும்பின் கடினம். காய்ந்து, வெடித்து, சுட்டது. சுண்டு விரலுக்கும் அடுத்ததற்கும் நடுவே முதலில். பிறகு அடுத்தது. அடுத்தது. அவசரமே இல்லாமல். கோத்துக்கொண்டது. மெல்ல இழுத்தது. மணிக்கட்டு. முழங்கை. கன்னம் பானை விளிம்பில் இடித்து நின்றது.

அவளால் அலற முடியவில்லை. நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே, ஒரு கட்டை விரல் அவள் மோதிரத்தைத் தேடியது. கண்டுபிடித்தது.

சுற்றியது.

தரையோடு தரையாகக் கிடந்த அவள் கண்ணுக்கு மேடு முழுவதும் தெரிந்தது. பனிக்குள், மங்கிய கம்பெனி வெளிச்சத்தில், கடைசிவரை, எல்லாப் பானைகளின் மூடிகளும் திறந்திருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் கறுப்பாக ஒரு வட்டம். எல்லாம் வாயைத் திறந்தபடி, சத்தமில்லாமல், அவளுக்காகக் காத்திருந்தன.

மோதிரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அன்பாக. எப்போதும் போல, அவள் சொல்வதைக் கேட்கத் தயாராக இருப்பவன் மாதிரி.

வறண்ட தொண்டையிலிருந்து கடைசியில் ஒரு குரல் வந்தது. அழுகை இல்லை. கெஞ்சல்கூட இல்லை. காபி டம்ளரை நீட்டிவிட்டு, கதவோரம் ஒதுங்கி நின்று, அவன் முகம் பார்த்துக் கேட்கும் குரல்.

"ஏங்க... நான் வேலைக்குப் போவட்டுமா?"